மலையப்பன் போன வழியில் ஒரு குடும்பப் பயணம்

அப்பாவுக்கு எழுபது நிறைந்ததும் திருக்கடையூரில் பீமரத சாந்தி செய்வது என்று வீட்டில் எப்போதோ முடிவாகிவிட்டது. தம்பி ஹாம்பர்க்கில் வேலை பார்க்கிறான். "அதுக்கு முன்னாடி அப்பாவும் அம்மாவும் ஒரு தடவை இங்க வந்துட்டுப் போகட்டும்" என்று பிடிவாதமாக நின்றான். பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறை, என் கணவருக்கும் லீவு கிடைத்தது. 2025 மே மாதம் எல்லோருமாகக் கிளம்பினோம்.

ஐரோப்பா என்றதும் தெரிந்தவர்கள் எல்லாரும் பாரிஸா, சுவிட்சர்லாந்தா என்றுதான் கேட்டார்கள். நாங்கள் போனது கோபன்ஹேகன், ஹாம்பர்க், லைப்சிக், ஹாலே. அங்கிருந்து திரும்பியதும் தரங்கம்பாடி. இந்த வரிசையைப் போட்டது அப்பா. அவர் பிறந்து வளர்ந்தது தரங்கம்பாடியில், படித்தது பொறையாற்றில். தபால் துறையில் வேலை கிடைத்து, அந்தக் காலத்து மீட்டர் கேஜ் ரயிலில் மாயவரம் போய், அங்கிருந்து திருச்சிக்கு வண்டி மாறியவர். அதன் பிறகு ஊரில் நிலையாகத் தங்கவே இல்லை. ஆனாலும் கடற்கரையில் நிற்கும் டேனிஷ் கோட்டையைப் பற்றிப் பேசாமல் அவரால் ஒரு வாரம் இருக்க முடியாது. "இதைக் கட்டினவன் ஊரு எப்படி இருக்கும்னு சின்ன வயசுலேர்ந்து ஒரு ஆசைம்மா" என்று எங்களிடம் சொல்லிக்கொண்டே இருப்பார்.

ஊரின் கதை தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். தஞ்சையை ஆண்ட ரகுநாத நாயக்கரிடம் ஒப்பந்தம் போட்டு, 1620இல் டென்மார்க்காரர்கள் தரங்கம்பாடியில் கோட்டை கட்டிக்கொண்டார்கள். அதற்காக ஆண்டுதோறும் தஞ்சைக்குப் பணம் கட்டினார்கள். மிளகுக்கும் துணிக்கும் வந்த வியாபாரம், 225 வருடம் அந்தச் சின்ன ஊர் டென்மார்க் கொடியின் கீழ் இருந்தது. 1845இல் வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள்.

நடுவில் 1706 ஜூலையில் ஜெர்மானியரான சீகன்பால்க் பாதிரியார், டென்மார்க் அரசர் அனுப்பி எங்கள் ஊர்க் கடற்கரையில் வந்து இறங்கினார். தமிழில் முதன்முதலாகப் புதிய ஏற்பாட்டை அச்சடித்தவர். இவர் பெயர் பலருக்கும் தெரியும். 1714இல் இவர் ஐரோப்பாவுக்குக் கப்பல் ஏறியபோது கூடப் போனவர் பெயர் எங்கள் ஊரிலேயே நிறையப் பேருக்குத் தெரியாது. அவர் மலையப்பன். ஆவணங்களில் பீட்டர் மலையப்பன். போகும் வழியெல்லாம் கப்பலிலேயே மொழிபெயர்ப்பு வேலையும் இலக்கண வேலையும் நடந்திருக்கிறது. நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக்கொண்டு, 1715இல் நார்வேயின் பெர்கன் துறைமுகத்தில் இறங்கி, மறு வருடம் ஊர் திரும்பினார்கள். வெள்ளைக்காரர்கள் இங்கே வந்த கதையைத்தான் பள்ளியில் படித்தோம். முந்நூறு வருடத்துக்கு முன்னால் தரங்கம்பாடியிலிருந்து ஒரு தமிழர் அங்கே போய்வந்த கதையை யாரும் எங்களுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. இந்தப் பயணம் முழுக்க என் மனதில் மலையப்பன்தான் இருந்தார்.

கோபன்ஹேகன் அழகான ஊர், விலைதான் கண்ணைக் கட்டும். ஒரு காபி 45 குரோனர், நம் பணத்தில் 500 ரூபாய்க்கு மேல். அம்மா ஊரிலிருந்தே புளிக்காய்ச்சலும் பருப்புப்பொடியும் கொண்டுவந்ததால் பிழைத்தோம். தங்கிய இடத்தில் சின்ன அடுப்படி இருந்தது. சோறு வடித்து, கடையில் கிடைத்த கெட்டித் தயிரில் பிசைந்து, டப்பாவில் எடுத்துக்கொண்டு கிளம்புவோம். இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கும். "இன்னும் பொழுது சாயலையே, என்னத்த விளக்கு ஏத்துறது" என்று அம்மா தினமும் கேட்டுக்கொண்டிருந்தார்.

நாங்கள் அதிக நேரம் செலவழித்தது கிறிஸ்டியான்ஹவ்ன் பக்கம். கால்வாய்களும் பழைய கிடங்குகளும் நிறைந்த பகுதி. ஆசியாட்டிஸ்க் பிளாட்ஸ் என்ற இடத்தில் டேனிஷ் ஆசியக் கம்பெனியின் பழைய கட்டடங்கள் நிற்கின்றன. 1732இல் தொடங்கிய கம்பெனி அது. இன்று அந்த இடத்தில் டென்மார்க் வெளியுறவு அமைச்சகம் இருக்கிறது. தண்ணீர் ஓரமாக உயரமான ஒரு கிடங்கு. சரக்குகளை மேலே இழுப்பதற்கு மாடிக்கு மாடி பெரிய கதவுகள். அப்பா கால்வாய்க் கரையில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ரொம்ப நேரம் அண்ணாந்து பார்த்தபடி நின்றார். "நம்ம பக்கத்துத் தறியில நெய்ஞ்ச துணி இந்தக் கதவு வழியா ஏறியிருக்கும்ல" என்று என் மகளிடம் கேட்டார். அவள் உடனே ஒவ்வொரு மாடியாக எண்ண ஆரம்பித்துவிட்டாள்.

அதே தண்ணீருக்கு எதிர்க்கரையில் பழைய பங்குச் சந்தைக் கட்டடம். நான்கு டிராகன்கள் வாலைப் பின்னிக்கொண்டு நிற்கிற மாதிரியான கோபுரத்துக்குப் பேர்போனது. அதைக் கட்டச் சொன்ன நான்காம் கிறிஸ்டியன்தான் எங்கள் ஊருக்கும் கப்பல் அனுப்பிய அரசர். 2024 ஏப்ரலில் தீப்பிடித்து அந்தக் கோபுரம் சரிந்துவிட்டது. நாங்கள் போனபோது சுற்றிலும் சாரம் கட்டி வேலை நடந்துகொண்டிருந்தது. அப்பாவுக்கு மனசு ஆறவில்லை. படத்தில் பார்த்து வைத்திருந்த கோபுரத்தை ஆகாயத்தில் விரலால் வரைந்து பேரனுக்குக் காட்டினார்.

டென்மார்க் தேசிய ஆவணக் காப்பகத்தில் ஒரு தங்க ஏடு இருக்கிறது. 1620இல் ரகுநாத நாயக்கர் டென்மார்க் அரசருக்கு அனுப்பிய கடிதம், தங்கத் தகட்டில் தமிழில் எழுதியது. நினைத்தபோது போய்ப் பார்க்கிற மாதிரி காட்சியில் வைக்கிற பொருள் இல்லை அது. படத்தைத்தான் பார்த்தோம். அந்த ஊரில், ஏதோ ஓர் இரும்புப் பெட்டகத்துக்குள், நம் எழுத்து பொன்னில் கிடக்கிறது என்று நினைத்துக்கொண்டே நடப்பது தனி அனுபவம்.

பையனுக்கு ஒன்பது வயது. கட்டடம், கடிதம் இதெல்லாம் அவனுக்கு அலுத்துவிட்டது. அவனை இழுத்துப் பிடித்தது ஒரு கப்பல். பெரிய கப்பல்களுக்கு முன்னால் டென்மார்க்காரர்கள் அனுப்பிய சிறிய கப்பலின் பெயர் ஓரெசுண்ட். ரோலண்ட் கிராப்பே என்ற டச்சுக்காரர் அதில் வந்தார். 1619இல் காரைக்காலுக்கு அருகே போர்ச்சுகீசியர்கள் அதைத் தாக்கி மூழ்கடித்தார்கள். தப்பிக் கரையேறிய கிராப்பே தஞ்சை நாயக்கரிடம் போய்ச் சேர்ந்தார், அந்தப் பழக்கம்தான் பின்னால் ஒப்பந்தத்துக்கு வழி செய்தது. கோபன்ஹேகனுக்கும் ஸ்வீடனுக்கும் நடுவே உள்ள நீரிணையின் பெயரும் ஓரெசுண்ட்தான். ஒரு மாலை அதன் கரையில் உட்கார்ந்து தயிர்ச்சோறு சாப்பிட்டபடி இந்தக் கதையைச் சொன்னோம். "அப்போ அந்தக் கப்பல் இன்னும் காரைக்கால்ல தண்ணிக்கு அடியிலயே இருக்கா?" என்று கேட்டான். அன்றிலிருந்து தரங்கம்பாடிக்கு எப்போது போவோம் என்று அவன்தான் நச்சரிக்க ஆரம்பித்தான்.

கோபன்ஹேகனிலிருந்து ஹாம்பர்க்குக்கு ரயில். முன்பெல்லாம் ரயிலையே கப்பலில் ஏற்றிக் கடலைத் தாண்டுவார்களாம், 2019 கடைசியில் அதை நிறுத்திவிட்டார்கள். இப்போது கடலுக்கடியில் சுரங்கம், அப்புறம் நீளமான பாலம் என்று சுற்றிக்கொண்டு போகிறது. ஐந்து மணி நேரத்துக்குள் ஹாம்பர்க். அங்கே தம்பி வீடு, அவன் பிள்ளைகள், சாம்பார், தூக்கம். ஊரைச் சுற்றிப் பார்த்தது குறைவு. துறைமுகத்தில் படகுப் பயணம் நன்றாக இருந்தது. தம்பி குடும்பமும் சேர்ந்துகொள்ள லைப்சிக் போனோம். இசையமைப்பாளர் பாக் வேலை பார்த்த தோமா தேவாலயத்தில் அவர் கல்லறையும் இருக்கிறது. நாங்கள் உள்ளே போன நேரம் யாரோ ஆர்கன் பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள். அம்மா கண்ணை மூடிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார், எழுப்பவே மனம் வரவில்லை.

லைப்சிக்கிலிருந்து அரை மணி நேர ரயிலில் ஹாலே. சுற்றுலாக்காரர்கள் அதிகம் எட்டிப்பார்க்காத ஊர். சந்தைத் திடலில் ஹேண்டல் சிலை நிற்கிறது, இசையமைப்பாளர் ஹேண்டல் பிறந்த ஊர் அது. நாங்கள் தேடிப் போனது பிராங்கே அறக்கட்டளை வளாகத்தை. ஆகஸ்ட் ஹெர்மான் பிராங்கே என்ற பாதிரியார் 1698இல் ஆதரவற்ற பிள்ளைகளுக்கு என்று கட்ட ஆரம்பித்து, பள்ளிகள், மருந்துக்கடை, அச்சகம் என்று ஓர் ஊராகவே வளர்ந்த இடம். சீகன்பால்க்குக்குப் பின்னால் இருந்து தாங்கியது இந்த இடம்தான். தரங்கம்பாடிக்கு முதல் தமிழ் அச்செழுத்துகளை வார்த்து அனுப்பியது ஹாலே. அவை அளவில் பெரிதாக இருந்து காகிதத்தைத் தின்றதால், பாலாடைக்கட்டி வந்த டப்பாக்களின் ஈயத்தை உருக்கிச் சிறிய எழுத்துகளை எங்கள் ஊரிலேயே வார்த்துக்கொண்டார்கள். இந்தச் செய்தி எனக்கு எப்போது நினைத்தாலும் சந்தோஷம் தரும். 1715இல் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது. மறு வருடம் சீகன்பால்க்கின் தமிழ் இலக்கண நூல் லத்தீன் மொழியில் ஹாலேயில் அச்சானது. மலையப்பன் உதவி இல்லாமல் அந்த இலக்கணம் இல்லை.

பழைய விடுதிக் கட்டடத்தின் மேல்தளத்தில் அதிசயப் பொருட்களின் அறை ஒன்று உண்டு. பிள்ளைகளுக்குக் காட்டிப் பாடம் நடத்துவதற்காக உலகமெங்கும் இருந்து சேர்த்த பொருட்கள். வண்ணம் தீட்டிய உயரமான மர அலமாரிகள், உச்சியில் தொங்கும் முதலை, சங்கு, பாம்புத்தோல், பெட்டி, பொம்மை. அப்பா எதையும் பார்க்கவில்லை. ஓலைச்சுவடி இருந்த கண்ணாடிக்கு முன்னால் போய் நின்றுகொண்டார்.

நானும் பக்கத்தில் போய் நின்றேன். பழுப்பேறிய ஓலை, ஓரம் கருத்து லேசாக மடிந்திருந்தது. கயிறு கோக்கும் துளையைச் சுற்றி எழுத்து விலகி ஓடுகிறது, நீரில் நிற்கும் மரத்தைச் சுற்றி ஓடை விலகுவதுபோல. கீறிய கோட்டுக்குள் தடவிய மை இன்னும் கருகருவென்று இருக்கிறது. புள்ளியே இல்லாத எழுத்து. புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று வைக்க மாட்டார்கள். ஆகவே எது மெய், எது உயிர்மெய் என்று படிக்கிறவர்தான் ஊகித்துக்கொள்ள வேண்டும். அப்பா மூக்குக்கண்ணாடியை ஏற்றி இறக்கி, கண்ணாடியில் நெற்றி படும்படி குனிந்து, உதட்டை அசைத்து எழுத்துக் கூட்டினார். ஒரு சொல் பிடிபட்டது, அப்புறம் இன்னொன்று. பிள்ளைகளும் குனிந்துகொண்டார்கள். "தாத்தா, இது 'க' தானே? அதுக்குப் பக்கத்துல என்னது?" என்று மூன்று தலைகளும் ஒரே ஓலை மேல்.

அங்கே வேலை பார்க்கும் பெண்மணி ஒருவர் தம்பியிடம் ஜெர்மனில் விசாரித்தார். தரங்கம்பாடிக்காரர்கள் என்று தெரிந்ததும் "டிராங்கேபார்!" என்று உரக்கச் சொல்லி அப்பாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அப்பாவுக்குப் பேச்சே வரவில்லை.

வெளியே மரத்தடியில் உட்கார்ந்தபோதுதான் ஒரு விஷயம் சொன்னார். அவருடைய தாத்தா காலத்தில் வீட்டுப் பரணில் ஏட்டுக்கட்டுகள் இருந்தனவாம். வைத்தியமோ சோதிடமோ, யாருக்கும் படிக்கத் தெரியவில்லை. ஓர் ஆடிப்பெருக்கில் மஞ்சள் குங்குமம் வைத்து ஆற்றில் விட்டுவிட்டார்கள் என்று அப்பாயி சொல்வாராம். அந்தக் காலத்தில் எத்தனையோ வீடுகளில் நடந்ததுதான். ஊரில் விட்ட ஏடு ஆற்றோடு போனது, கடல் கடந்து போன ஏடு கண்ணாடிக்குள் பத்திரமாக இருக்கிறது. எனக்கு நன்றியும் வலியும் ஒன்றாக வந்தது.

சீகன்பால்க் மதம் மாற்றத்தான் வந்தார், அதில் ஒளிவு மறைவு இல்லை. ஆனால் அவர் தமிழ் கற்ற விதம் என்னை அசைக்கிறது. வயதான வாத்தியார் ஒருவரைப் பள்ளிப் பிள்ளைகளோடு வீட்டுக்கு வரவழைத்து, பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார்ந்து மணலில் எழுதிப் பழகினார். எங்கள் அப்பாயியும் அதேபோலத் திண்ணையில் மணல் பரப்பித்தான் எழுத்துக் கற்றவர். சீகன்பால்க் தமிழ் நூல்களைத் தேடித் தேடி வாங்கி, 1708இல் ஒரு பட்டியலே தயாரித்தார், திருக்குறளும் அதில் உண்டு. தமிழ்நாட்டுத் தெய்வங்களைப் பற்றி 1713இல் எழுதி அனுப்பிய நூலை ஹாலேயில் அச்சிட மறுத்துவிட்டார்கள். அது 1867இல் சென்னையில்தான் வெளிவந்தது. அதைவிட முக்கியமாக நான் நினைப்பது, 1712 முதல் 1714 வரை தமிழர்கள் எழுதிய 99 கடிதங்கள். சமயம், சாதி, கல்யாணம், வைத்தியம் என்று பாதிரிமார் கேட்ட கேள்விகளுக்கு நம் மக்கள் சொந்தமாகச் சொன்ன பதில்கள். ஜெர்மனில் மொழிபெயர்த்து ஹாலேயில் அச்சிட்டார்கள். தரங்கம்பாடிக் கோட்டையும் தேவாலயமும் புகைப்படத்தில் வருகிற அளவுக்கு இந்தக் கடிதங்கள் பேச்சில் வர வேண்டும். எட்டாம் வகுப்புப் பாடத்தில் இரண்டு கடிதம் வைத்தால் போதும், பிள்ளைகள் மீதியைத் தேடிப் படிப்பார்கள்.

ஜூனில் திருக்கடையூர். தம்பி குடும்பமும் வந்துவிட்டது. அபிஷேகம், மாலை மாற்றல், சாப்பாடு எல்லாம் சிறப்பாக நடந்தது. அன்று சாயங்காலமே தரங்கம்பாடி போய்விட்டோம், பக்கத்தில்தான்.

பிள்ளைகள் அதற்கு முன்னாலும் அங்கே வந்தவர்கள்தான். கடற்கரையில் விளையாடிவிட்டு, பஜ்ஜி சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். இந்த முறை ஊர் நுழைவாயிலிலேயே வண்டியை நிறுத்தச் சொன்னாள் பெரியவள். 1792இல் கட்டிய வாசல் அது, நெற்றியில் டென்மார்க் அரச முத்திரை. "கோபன்ஹேகன்ல பார்த்தோமே, அதே கிரீடம்" என்றாள். ராஜ வீதியில் நடந்து 1718இல் கட்டிய புதிய எருசலேம் தேவாலயத்துக்குள் போனோம். சீகன்பால்க் கல்லறை உள்ளேதான் இருக்கிறது. தேவாலயம் எழும்பிய மறு வருடமே அவர் இறந்துபோனார், வயது 36. அவருக்கு ஊரில் சிலை இருக்கிறது. மலையப்பனுக்கு எங்கேயாவது ஒரு கல் இருக்கிறதா என்று பையன் ஒவ்வொரு கல்வெட்டாகப் பார்த்துக்கொண்டே வந்தான். எங்கள் கண்ணில் எதுவும் படவில்லை. ஊர்க்காரர்கள் இதைப் படித்தால் ஒரு சின்னப் பலகையாவது வைக்க முயற்சி எடுங்கள், நாங்களும் கைகொடுக்கிறோம்.

கோட்டையில் கீழ்த்தளத்து அறைகளைப் பிள்ளைகள் விடவில்லை. சீகன்பால்க்கை உள்ளூர் டேனிஷ் அதிகாரியே நான்கு மாதம் சிறையில் போட்டதும் இங்கேதான். மதில் மேல் நின்று "காரைக்கால் எந்தப் பக்கம்?" என்று கேட்டான் பையன். அப்பா தெற்கே கை காட்டினார். ஓரெசுண்ட் கப்பல் கிடக்கிற திசையை மாமா பிள்ளைகளுக்கு அவன் விளக்க ஆரம்பித்தான், ஹாம்பர்க்கில் வளர்கிற அவர்களுக்கு அது புதுக்கதை.

கோட்டையிலிருந்து வடக்கே மாசிலாமணி நாதர் கோயில். 1306இல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் கட்டியது. அப்பா சிறுவனாக இருந்தபோது அலை கோயிலை மோதிக்கொண்டிருக்குமாம். கடல் பெரும்பகுதியைத் தின்றது போக மிஞ்சியதைப் பின்னாளில் புதுப்பித்தார்கள். முன்னால் கருங்கல் கொட்டியிருக்கிறார்கள். டேனிஷ்காரர்கள் வருவதற்கு முந்நூறு வருடம் முன்பே அங்கே ஊரும் கோயிலும் இருந்தன என்பதைப் பிள்ளைகளிடம் அழுத்திச் சொன்னேன்.

கடைசியாகப் பழைய வீடு. அப்பாயி போன பிறகு விற்றுவிட்டோம். வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போகலாம் என்றுதான் அப்பா நினைத்தார். உள்ளேயிருந்து எட்டிப்பார்த்த அம்மையார், யார் என்று தெரிந்ததும், "உள்ள வாங்கய்யா, இது உங்க வீடுதானே" என்று கூப்பிட்டு உட்கார வைத்து மோர் கொடுத்தார். 2004 சுனாமித் தண்ணீர் எதுவரை ஏறியது என்று கூடத்துச் சுவரில் கை வைத்துக் காட்டினார், என் இடுப்பு உயரம். முற்றத்துக்கு மேலே தகரம் போட்டிருக்கிறார்கள். கிணற்றில் தண்ணீர் இன்னும் நல்ல தண்ணீர்தானாம். அப்பா பரண் இருந்த இடத்தைப் பேரப்பிள்ளைகளுக்குக் காட்டி, "இங்கதான் அந்த ஏடெல்லாம் கிடந்துச்சு" என்றார். பெரியவள் அந்த மரச்சட்டத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, படமும் எடுத்துக்கொண்டாள்.

பொறையாற்றில் கடுதாசிப்பட்டறைக்குப் போக நேரம் இல்லாமல் போய்விட்டது. அச்சகத்துக்காகக் காகிதம் செய்த இடம் அது, போக வேண்டும் என்று ஹாலேயிலேயே முடிவு செய்திருந்தோம். பொங்கல் லீவில் கட்டாயம் கூட்டிப்போவதாகச் சொல்லியிருக்கிறேன். பெரியவள் இப்போது அந்த 99 கடிதங்களின் ஆங்கில மொழிபெயர்ப்பைத் தேடிக்கொண்டிருக்கிறாள். கிடைத்ததும் ஒவ்வொன்றாகத் தாத்தாவுக்குத் தமிழில் சொல்ல வேண்டுமாம், அப்பா அதற்காக ஒரு நோட்டு வாங்கி வைத்திருக்கிறார்.